சரிவில் ஒரு ஏக்கர் எவ்வளவு?

செம்மநத்தம் மாதிரி சேர்வராயன் மலை ஊர்களில் பட்டா ஒரு ஏக்கர்னு சொன்னா, நடந்து பார்க்கும்போது அதைவிடக் கூடவே வரும். காரணம், புலப்படம் கிடைமட்ட தூரத்தைத்தான் காட்டும்.

பழைய அளவை கன்ட்டர் சங்கிலியில் நடந்தது: 66 அடி, 100 லிங்க். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, மூலைக்கோட்டிலிருந்து செங்குத்தாக எல்லையை அளப்பார்கள். சமவெளிக்குக் கச்சிதமான முறை.

மலையில்தான் சிக்கல். படத்தில் 100 லிங்க். 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு போட்டு 66 அடி அளந்தா, கிடைமட்டமா 57 அடிதான் தேறும். எல்லைக்கல் இன்னும் தள்ளி இருக்கும். இடையில் உள்ள துண்டு யாருடையது? அங்கே காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் நின்னா வேலித் தகராறுதான். சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளப்பதே சரி.

1785 சட்டப்படி நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக வெட்டிய அமெரிக்காவுக்கும் இதே கதி. பூமி உருண்டை, வடக்கே போகப்போகக் கோடுகள் நெருங்கும். அதனால் இடையிடையே திருத்தக் கோடு போட வேண்டியதாயிற்று.

மலையில் நிலம் அளக்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: எந்தக் கல்லிலிருந்து அளக்குறீங்க? டேப் மட்டமா இருக்கா?