சிறு விமானங்களுக்கு டீசல் எஞ்சின்: ஒரு நீண்ட சோதனை

2007-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள். ஜெர்மனியின் ஷ்பையர் நகர விமானத் திடலில் ஒரு சிறு விமானம் புறப்பட ஆயத்தமாயிற்று. ஆஸ்திரிய நாட்டு டயமண்ட் நிறுவனத்தின் டிஏ 42 என்னும் இரட்டை எஞ்சின் விமானம் அது. அதன் பேட்டரியில் மின்சாரம் தீர்ந்து போயிருந்தது. கார் கிளம்பாவிட்டால் வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி இணைத்துக் கிளப்புவதைப் போல, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து இரு எஞ்சின்களையும் ஓடச் செய்தார்கள். விமானம் தரையை விட்டு எழும்பிற்று. விமானி சக்கரங்களை உள்ளே இழுக்கும் விசையை இயக்கினார். மறுகணம் இரண்டு எஞ்சின்களும் ஒருசேர நின்றுவிட்டன! விமானம் அவசரமாகத் தரையில் இறங்கிச் சேதமுற்றது. இறையருளால் உயிர்ச்சேதம் ஏதுமில்லை.

நின்று போனவை டீசல் எஞ்சின்கள் என்பதே இதில் வியப்பு. வயற்காட்டில் பம்பு செட் வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கைப்பிடியைச் சுழற்றி ஒருமுறை கிளப்பிவிட்டால், எண்ணெய் உள்ளவரை டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சிலிண்டருக்குள் காற்று இறுக அமுக்கப்படும்போது எழும் வெப்பமே எண்ணெயைக் கொளுத்திவிடுகிறது. தீப்பொறி வேண்டாம், ஆகவே மின்சாரத்தின் தயவும் வேண்டாம். அத்தகைய எஞ்சின், பேட்டரியின் வலுக்குறைவால் வானில் நின்றது எங்ஙனம்? விமானத்திற்கு டீசல் எஞ்சின் எதற்கு என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும்.

பயணிகளைச் சுமந்து செல்லும் பெரிய ஜெட் விமானங்களின் எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் விமானப் பயிற்சிப் பள்ளிகளில் உள்ளவை போன்ற, நான்கு பேர் அமரும் சிறு விமானங்களில் பெரும்பாலானவை இன்றும் பெட்ரோலில் ஓடுகின்றன. அதுவும் சாதாரணப் பெட்ரோல் அன்று. 'அவ்காஸ் 100 எல்எல்' எனப்படும் தனி வகை. எஞ்சினில் தட்டல் ஏற்படாதிருக்க, அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலக்கப்படுகிறது. 'எல்எல்' என்ற எழுத்துகள் 'குறைந்த ஈயம்' என்பதைக் குறிக்கின்றனவாம்! இந்தியச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதற்கு விடை கொடுத்தது. வானில் மட்டும் அது நீடிக்கிறது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பது தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ரீட்-ஹில்வியூ என்றொரு சிறு விமான நிலையம் உண்டு. அதனைச் சுற்றிலும் குடியிருப்புகள். அதன் அருகே வாழும் குழந்தைகளின் இரத்தத்தில், தொலைவில் வாழும் குழந்தைகளைக் காட்டிலும் ஈயம் மிகுந்திருப்பதை 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அங்கு ஈயப் பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது.

இந்தப் பெட்ரோல் எங்கும் கிடைப்பதுமில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஜெட் எரிபொருள் உள்ள எத்தனையோ நிலையங்களில் இதைக் காண்பதரிது. இந்தியாவும் நெடுங்காலம் இதனை இறக்குமதி செய்தே வந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் உள்ள தன் ஆலையில் தயாரித்து வெளியிட்டது.

டீசல் எஞ்சினோ ஜெட் விமானத்தின் மண்ணெண்ணெயையே ஏற்றுக்கொள்ளும். எரிபொருளும் குறைவாகவே செலவாகும். ஆயின், காற்றின் பேரழுத்தத்தைத் தாங்க எஞ்சினின் பாகங்கள் கனமாக அமைய வேண்டும். பறக்கும் பொருளுக்குக் கனம் பகையன்றோ?

இந்தப் பகையை முதலில் வென்றவர் அமெரிக்காவின் பேக்கார்டு கார் நிறுவனத்துப் பொறியாளர் லயோனல் உல்சன். அவருடைய டீசல் எஞ்சின் பொருத்திய விமானம் 1928-இல் பறந்தது. கனத்தைக் குறைக்க, உள்ளே வரும் காற்றுக்கும் வெளியேறும் புகைக்கும் ஒரே வால்வை வைத்தார். அதன் விலையாகப் புகை நாற்றமும் அதிர்வும் விமானியை வாட்டின. 1930-இல் விமான விபத்து ஒன்றில் உல்சன் மாண்டார். மறு ஆண்டு, அவருடைய எஞ்சின் பூட்டிய விமானம் இடையில் எரிபொருள் நிரப்பாமலே 84 மணி 32 நிமிடம் வானில் நின்று சாதனை படைத்தது. ஏறத்தாழ 55 ஆண்டுகள் அதை எவரும் முறியடிக்கவில்லை. இத்தனை பெருமை இருந்தும் வாங்குவோர் வரவில்லை. 1933-இல் தயாரிப்பு நின்றது. ஜெர்மனியில் யுங்கர்ஸ் டீசல் எஞ்சின்கள் கடல் விமானங்களில் அட்லாண்டிக்கைக் கடந்தன என்றாலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வழியும் தூர்ந்தது.

மீண்டும் கதவைத் திறந்தது ஜெர்மனியின் டீலர்ட் நிறுவனம். மெர்சிடிஸ் பென்ஸ் சிறு காரின் 1.7 லிட்டர் டீசல் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, 135 குதிரைச் சக்தி உடைய விமான எஞ்சினை உருவாக்கி, 2002-இல் அரசு அங்கீகாரமும் பெற்றது. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,900 முறை சுழலும். அந்த வேகம் விசிறிக்கு ஆகாது என்பதால் இடையே ஒரு கியர்பாக்ஸ் வைத்து 2,300 ஆகக் குறைத்தார்கள். எண்ணெய் எவ்வளவு, எப்போது பாய வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கணினியே முடிவு செய்தது. விமானிக்கு ஒரே ஒரு நெம்புகோல் போதும். இவ்வகை எஞ்சின் இரண்டைப் பூட்டிய டிஏ 42 விமானம், 2004-இல் கனடாவிலிருந்து போர்ச்சுகல் வரை அட்லாண்டிக்கை நிற்காமல் பன்னிரண்டரை மணி நேரத்தில் கடந்தது.

வசதிக்காக வந்த அந்தக் கணினியே ஷ்பையரில் வினையாயிற்று. பம்பு செட் எஞ்சின் போலன்றி, கணினிக்கு இடையறாத மின்சாரம் வேண்டும். சக்கரங்களை இழுக்கும் மோட்டார் திடீரென மின்சாரத்தை உறிஞ்சியபோது, ஈடுகட்டப் பேட்டரியில் வலு இல்லை. கண்ணிமைக்கும் நேரம் அழுத்தம் தாழ்ந்தது. கணினிகள் அணைந்து மீண்டும் தொடங்கின. அதற்குள் எஞ்சின்கள் நின்றன; விசிறிகளும் காற்றை எதிர்க்காதவாறு விளிம்பு திருப்பிக்கொண்டன. வெளி மின்சாரத்தால் ஓர் எஞ்சினை மட்டுமே கிளப்ப வேண்டும், மற்றதை விமானத்தின் சொந்த மின்சாரத்தால் கிளப்ப வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தது. அது மீறப்பட்டது உண்மையே. எனினும் ஒரு சிறு தவறுக்கு இரு எஞ்சின்களும் ஒன்றாக நிற்குமாயின், இரண்டு வைத்ததன் பயன் என்ன? இந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க இயலவில்லை. பின்னர் கணினிகளுக்கென்றே தனிப் பேட்டரிகள் பொருத்தப்பட்டன.

அடுத்த அடி பணத்தால் விழுந்தது. பழைய பெட்ரோல் எஞ்சின்கள் 2,000 மணி நேரம் உழைத்த பின்னரே பழுது நீக்கத்திற்குப் பிரிக்கப்படுபவை. டீலர்ட் எஞ்சினையோ 1,000 மணி நேரத்தில் கழற்றிப் புதிது பூட்ட வேண்டியிருந்தது. கியர்பாக்ஸ் 300 மணிக்கு ஒருமுறை தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டும். செலவில் பெரும்பங்கை நிறுவனம் உத்தரவாதத்தின்பேரில் ஏற்று வந்ததால் எவரும் முணுமுணுக்கவில்லை. 2008 ஏப்ரலில் நிறுவனம் திவாலாயிற்று. உத்தரவாதங்கள் வெற்றுக் காகிதமாயின. விமானங்களை வாங்கியிருந்த பள்ளிகளும் தனியாரும் உதிரிப் பாகங்களின் விலையைக் கேட்டுத் திகைத்தனர். பறக்கும் நிலையிலிருந்த விமானங்கள் கொட்டகைகளில் முடங்கின.

டயமண்ட் நிறுவனம் இனிப் பிறரை நம்புவதில்லை என முடிவு செய்து, ஆஸ்ட்ரோ எஞ்சின் என்ற தன் நிறுவனத்தின் வாயிலாக 168 குதிரைச் சக்தி எஞ்சினை 2009-இல் கொண்டு வந்தது. இதுவும் மெர்சிடிஸ் கார் எஞ்சினின் வழிவந்ததே. டீலர்ட்டின் உடைமைகளை 2013-இல் சீன அரசுக்குரிய ஏவிஐசி குழுமம் வாங்கி, காண்டினென்டல் பெயரில் நடத்தலாயிற்று. அதன் பிந்திய எஞ்சின்களின் ஆயுள் 2,000 மணி நேரத்தைக் கடந்தது.

இன்று பல நாடுகளின் பயிற்சிப் பள்ளிகளில் இத்தகைய எஞ்சின்கள் ஓடுகின்றன. ஆயினும் சிறு விமானங்கள் மிகுதியாக உள்ள அமெரிக்காவில் பெட்ரோலின் ஆட்சியே நீடிக்கிறது. பழைய விமானத்தில் டீசல் எஞ்சின் பூட்டுவதற்கு ஆகும் செலவு, பல வேளைகளில் அந்த விமானத்தின் விலையையே எட்டிவிடுகிறது. 2030-ஆம் ஆண்டு முடிவுக்குள் ஈயப் பெட்ரோலைக் கைவிடுவது என அந்நாடு இலக்கு வைத்துள்ளது. அதற்குள் ஈயமில்லாத விமானப் பெட்ரோல் எங்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விமானச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய எஞ்சின்களோடு காத்திருக்கிறார்கள்.