திறந்த மைதானத்தில் கணினி வைக்கும் முன்

"டீச்சர், டியூப் லைட்டு ரொம்ப வெள்ளையா எரியுது டீச்சர்" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து சொன்னாள். நான் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "சரிம்மா, போய் உட்காரு" என்றேன். அரை நிமிடம் போயிருக்காது. மேசையிலிருந்த கணினிக்குள் பட்டென்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகிய வாடை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். மீமிசல் பக்கம் கடலோரத்தில் இருக்கிற பள்ளி எங்களுடையது. மைதானம் முழுக்க மணல். அந்த மாதத்தில் கச்சான் காற்று நிலத்துப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். பந்தல் போட்டு, பெற்றோர்களை அழைத்து, பிள்ளைகளின் கணினிப் பணிகளைக் கண்காட்சியாக வைத்திருந்தோம். அதில் முக்கியமானது எட்டாம் வகுப்பு மாணவர்கள் செய்த ஒலிப்பதிவுகள். உப்பளத்தில் வேலை செய்த பெரியவர்களையும் வலை பின்னுகிறவர்களையும் பேசவைத்துப் பதிந்திருந்தார்கள். காற்றுகளின் பெயர்கள், உப்பு விளைந்துவிட்டதா என்று பார்க்கும் விதம் எல்லாம் அதில் இருந்தன. அத்தனையும் அந்த ஒரே கணினியில்தான். வேறு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு. ஹார்டு டிஸ்க்கும் போயிற்று.

நடந்தது இதுதான். வாடகை ஜெனரேட்டரிலிருந்து பந்தலுக்கு மூன்று பேஸ் ஒயர் இழுத்திருந்தார்கள். அதில் நியூட்ரல் கழன்றுவிட்டது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால் வெவ்வேறு பேஸில் உள்ள சாமான்கள் தொடரிணைப்பில் மாட்டியதுபோல் ஆகி, அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். குறைவாக மின்சாரம் இழுக்கும் பக்கத்துக்கு அதிக வோல்டேஜ் போய்ச் சேரும். ஒரு பக்கம் பெரிய ஹாலஜன் விளக்குகள், மறுபக்கம் கணினியும் டியூப் லைட்டும். பத்தாம் வகுப்பில் நாமே நடத்துகிற பாடம்தான். விளக்கு வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிவது அதன் முதல் அறிகுறி. அதைத்தான் அந்தக் குழந்தை சொல்லியிருக்கிறாள்.

கரண்ட் போவதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். போவதால் கெடும் கணினிகளைவிட, ஏறி வருவதால் கெடுபவை அதிகம் என்பது என் அனுபவம். லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 160 வோல்ட் வந்தாலும் அது வேலை செய்யும். 300 வந்தால் தாங்காது. ஆகவே ஜெனரேட்டரோ பந்தல் லைனோ, நேராகக் கணினிக்குக் கொடுக்காமல் நடுவில் யு.பி.எஸ். வையுங்கள். வோல்டேஜ் எல்லை மீறினால் அது வெளி மின்சாரத்தைத் துண்டித்துப் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். ஒலிபெருக்கிக்கும் அலங்கார விளக்குக்கும் தனி லைன் கேளுங்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எந்தப் பெட்டியும் வேண்டாம். இதில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது நாங்கள் ஜெனரேட்டரே வைப்பதில்லை. இன்வெர்ட்டர் போதும், கணக்குப் போட்டுப் பார்த்தால். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 1800 வாட்-ஹவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், எனவே 900. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தால் சுமார் 765 கைக்கு வரும். நான்கு லேப்டாப்புகள் 120 வாட், புரொஜெக்டர் 250, ஸ்பீக்கர் 50, ஆக மொத்தம் 420. ஒன்றேமுக்கால் மணி நேரம்தான் ஓடும். புரொஜெக்டரை நிறுத்தினால் 170 வாட், நாலரை மணி நேரம் ஓடும். இந்தக் கணக்கை நான் போடுவதில்லை, ஒன்பதாம் வகுப்பு போடுகிறது. புரொஜெக்டரை எப்போது போட்டு எப்போது அணைப்பது என்ற அட்டவணையும் அவர்களுடையதே.

புழுதிக்கு வருகிறேன். அன்று வெடிப்பதற்கு முன்பே அந்தக் கணினி இரண்டு முறை தானாக நின்றது. தூசி போகக்கூடாது என்று சி.பி.யு.வைப் பாலிதீன் தாளால் மூடியிருந்தோம். மூச்சுவிட முடியாமல் சூடேறி நின்றிருக்கிறது. தூசியைத் தடுக்கப்போய்க் காற்றையும் தடுத்துவிட்டோம்.

அதன் பிறகுதான் பாலைவனங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் பாலைவனத்தில் 1990 முதல் ஆண்டுதோறும் 'பர்னிங் மேன்' என்றொரு விழா நடக்கிறது. வற்றிப்போன ஏரிப்படுகை அது. மாவுபோன்ற காரத்தன்மையுள்ள தூசி. வெறுங்காலில் நடந்தால் தோல் வெடிக்கும், வினிகர் கலந்த தண்ணீரால் கழுவுகிறார்கள். அங்கே காரம் என்றால் நம் கடற்கரையில் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். பகலில் சர்க்யூட் போர்டின் மேல் படிந்த உப்புத்தூசி, இரவில் ஈரமாகித் தாமிரத்தை அரிக்கத் தொடங்கும். மழைநாளில் சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தால் போதும், வேறு சோதனை வேண்டாம்.

பாக்னோல்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 1941-இல் ஒரு நூல் எழுதினார். மணல் குதித்துக் குதித்துத் தரையை ஒட்டியே போகிறது, பெரும்பகுதி முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. நாமோ சி.பி.யு.வை மேசைக்கு அடியில் தரையில்தான் வைக்கிறோம்! நுண்தூசி உயரே போகும்தான். ஆனாலும் கணினியை மேசைமேல் ஏற்றியதிலேயே பாதி மணல் குறைந்தது. காற்று வரும் பக்கம் பழைய நூல் சேலைகளை இரண்டாக மடித்துத் திரையாகக் கட்டினோம். காலையில் வாசல் தெளிப்பதுபோல் மைதானத்தில் தண்ணீர் தெளித்தோம். சேலைத் துணி காற்றை விடும், தூசியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பாலிதீன் செய்யாததை அது செய்தது.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது மிக எளிய வழி. கணினியை வகுப்பறைக்குள்ளேயே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக நீள ஒயர் எடுத்துத் திரையையும் ஸ்பீக்கரையும் மட்டும் வெளியே வைத்தோம். முதல் ஆண்டே இது ஏன் தோன்றவில்லை என்று தலைமையாசிரியர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

விழா முடிந்ததும் சுத்தம் செய்யும்போது ஈரத்துணி வேண்டாம், உப்பை அது உள்ளே கரைத்துவிடும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊதுவதானால் உள்ளிருக்கும் மின்விசிறியை ஒரு குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். ஏசி அறையில் இருந்த கணினியைக் கடற்கரை வெக்கைக்குக் கொண்டுவந்தால், அரைமணி நேரம் பையிலேயே வைத்திருந்துவிட்டுப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் உள்ளே வியர்க்கும்.

அடுத்த ஆண்டு ஒலிப்பதிவுகளை மீண்டும் எடுத்தோம். உப்பின் பக்குவம் சொன்ன பெரியவர் அதற்குள் இறந்துவிட்டார். அவர் மனைவி பேசினார், அவருக்கு நினைவிருந்த அளவு. இம்முறை மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று தலைமையாசிரியர் அறை பீரோவில் பென் டிரைவில், ஒன்று என் கைப்பையில்.

டியூப் லைட்டைக் கவனித்த சிறுமி அப்போது ஏழாம் வகுப்பு. பிளக்கில் சொருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி, அதைப் பார்த்துக் கால் மணிக்கு ஒருமுறை எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தோம். 245-ஐத் தாண்டினால் யாரையும் கேட்காமல் ஆசிரியர் கையிலிருக்கும் மைக்கையே பிடுங்கிச் சொல்லலாம் என்று அனுமதி. அவள் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசி வரி: மாலை 4.15, 228.