தட்டானின் இறக்கை நரம்புகள்

இலையிலே நரம்பு உண்டு. யாழிலே நரம்பு உண்டு. நம் உடலிலும் நரம்பு உண்டு. பூச்சியின் இறக்கையில் காணும் கோடுகளையும் நரம்பு என்றே வழங்குகிறோம். ஒரே சொல் இத்தனை பொருள்களைச் சுமப்பதால், ஆசிரியர் அதனை விளக்கிக் கூறுதல் நலம்.

இறக்கை நரம்பு என்பது உள்ளே துளையுடைய குழல். அதனுள் நிறமற்ற குருதி ஓடுகிறது. பெரிய குழல்களில் மூச்சுக்குழலும் உணர்ச்சி நரம்பும் உடன் செல்கின்றன. தட்டான் இளம்பருவத் தோலைக் கழற்றி வெளிவரும்போது, இறக்கைகள் கசங்கிய துணிபோல் கிடக்கும். குழல்களில் குருதி பாய்ந்ததும் அவை விரிந்து, பின்னர் இறுகுகின்றன.

பூச்சிகள் பலவாயினும் அவற்றின் நரம்பமைப்புக்கு அடிப்படைத் திட்டம் ஒன்றே என்பதை, அமெரிக்க அறிஞர்களான காம்ஸ்டாக், நீடம் இருவரும் 1898, 1899 ஆம் ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர்.

தட்டானின் இறக்கை தட்டையானதன்று. மடித்த ஓலை விசிறிபோல் மேடும் பள்ளமுமாக அமைந்தது. ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்தால் அது தொங்கிவிடும். அதையே விசிறிபோல் மடித்தால் நிமிர்ந்து நிற்கும். இச்சிறு சோதனையை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

முன்விளிம்பில், நுனிக்கு அருகே கருமையான சிறு கட்டம் ஒன்று உண்டு. அதன் எடை உடலெடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. அது வெறும் அழகுக்காக அமைந்ததன்று. தட்டான் சிறகடியாமல் மிதந்து செல்லும்போது இறக்கை படபடத்து அதிராதவாறு காப்பது அதுவே. ஓரினத் தட்டானில், அதிர்வு தொடங்கும் வேகத்தை அது 10 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்துகிறது என்று நார்பெர்க் என்னும் அறிஞர் 1972இல் காட்டினார்.

குறுக்கு நரம்புகளுக்கும் வேலை உண்டு. வெட்டுக்கிளியின் பின்னிறக்கையை ஆராய்ந்த டிர்க்ஸ், டெய்லர் ஆகியோர், கிழிசல் பரவாமல் அவை தடுப்பதையும், அதனால் இறக்கையின் உறுதி ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுவதையும் 2012இல் கண்டறிந்தனர்.

ஆயினும் கிழிசலைத் தடுக்கலாமே தவிர, கிழிந்ததைத் தைக்க இயலாது. வளர்ந்த தட்டான் மீண்டும் தோலுரிப்பதில்லை. புது இறக்கையும் முளைப்பதில்லை. குருதி செல்லாத பகுதி வறண்டு முறியும். பறந்தே இரைதேடும் உயிருக்கு இறக்கை போனால் வாழ்வே போயிற்று.

தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடும் சிறுவர்களை அதட்டுவதால் பயன் சிறிதே. இறந்து கிடக்கும் தட்டானின் இறக்கை ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் கண்ட மாணவன் கையை அடக்கிக்கொள்வான்.