தெரியுமா? நம்மைத் தரையில் நிறுத்துவது காந்தமா!

திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றின் மேல் நின்று, நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் செங்குத்தாக நிற்கும். பக்கத்திலேயே ஒரு காந்த ஊசியை, மேலும் கீழும் ஆட இடம்விட்டு, நடுவில் தாங்கி வையுங்கள். அது கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும்! புவியீர்ப்பு ஒரு திசையில், பூமியின் காந்தம் அதற்குக் குறுக்கே. இதே ஊசியை டெல்லிக்குக் கொண்டுபோனால் 40 டிகிரிக்கும் மேல் தலையைக் குனிந்துகொள்ளும். காந்தத் துருவத்தில் நூலோடு சேர்ந்து செங்குத்தாகவே நின்றுவிடும். நம் ஊரில் மட்டும் ஏன் படுக்கை? பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் ஓடுகிறது! 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டிலிருந்து முதல் விண்வெளி ராக்கெட் பறந்த கேரளத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். இந்தக் கோட்டை ஆராயவென்றே திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. உலகத்திலேயே புவியீர்ப்புப் பள்ளம் மிக ஆழமாக இருப்பது எங்கே தெரியுமா? அதுவும் நமக்குத் தெற்கேதான், இலங்கையையும் தாண்டி இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம், பூமியின் சீரான வடிவத்தை வைத்துப் போட்ட கணக்கைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது! காந்த நடுக்கோடு அருகில், ஈர்ப்புப் பள்ளமும் அதே திக்கில். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானோ என்று துள்ளிக் குதிக்காதீர்கள். பள்ளத்துக்குக் காரணம் பூமிக்குள் அந்தப் பகுதிக்குக் கீழே இருக்கும் பொருளின் அடர்த்திக் குறைவு. காந்தத்துக்குக் காரணம் பூமியின் வெளிக் கருவத்தில் சுழன்று ஓடும் இரும்புக் குழம்பு. இரண்டும் நம் பக்கம் வந்து சேர்ந்தது தற்செயல்.

ஆனால் இரண்டும் ஒன்றோ என்ற சந்தேகம் சாமானியமானதல்ல. கோள்களைச் சூரியன் காந்தம் போன்ற ஒரு விசையால்தான் நகர்த்துகிறது என்று 1609-லேயே புத்தகம் போட்டவர் கெப்ளர்!

சரி, சாட்சிக்கு நம் தீப்பெட்டி ஆபீஸ் சரக்கையே கூப்பிடலாம். தலை மருந்தில் சிவப்பு இரும்பு ஆக்சைடு கலந்த ஒரு தீக்குச்சியை எடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒன்றும் நடக்காது. குச்சியைக் கிழித்து, எரியவிட்டு, அணைத்து, நன்றாக ஆறவிட்டு மறுபடி காந்தத்தைக் காட்டுங்கள். கருகின தலை காந்தத்தைப் பார்த்துத் திரும்பும்! எரியும் சூட்டில் சிவப்பு ஆக்சைடு, காந்தம் விரும்பும் கருப்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. அதே இரும்பு, அதே ஆக்சிஜன், சேர்க்கைதான் வேறு. காந்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. புவியீர்ப்போ, புகையாகப் போனது போக மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டு இழுக்கிறது.

கம்பி மத்தாப்பு இதற்கு நேர் எதிர்! கம்பி இரும்பு, காந்தம் டக்கென்று பிடிக்கும். ஆனால் இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், காந்தம் அதை யாரோ எவரோ என்று விட்டுவிடும். 1895-ல் இந்த எல்லையை ஆராய்ந்தவர் பியர் கியூரி, அவர் பெயரே அதற்கு. ஆறினால் பழைய உறவு திரும்பிவிடும். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு அந்நியமாகலாம். அதன் எடை ஒரு மில்லிகிராம்கூடக் குறைவதில்லை. (எரிகிற மத்தாப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். விரல்தான் மிஞ்சாது.)

வானத்தில் வெடிக்கும் ஃபேன்சி வெடியை இனிமேல் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மணி மருந்தில் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு. ஒவ்வொன்றும் வேறு சரக்கு. ஆனாலும் வெடித்த பந்து பந்தாகவே இறங்குகிறது. பச்சை முந்துவதில்லை, சிவப்பு பிந்துவதில்லை. காற்று செய்யும் சேட்டையைக் கழித்துவிட்டால், எல்லாப் பொருளும் ஒரே மாதிரிதான் விழும். மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோள் பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் விண்வெளியில் விழவிட்டு இதைச் சோதித்தது. 2022-ல் வந்த முடிவு: ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை! ஆள் பார்த்து இழுப்பது காந்தம். ஆள் பார்க்காமல் இழுப்பது ஈர்ப்பு. அதோடு காந்தம் விலக்கவும் செய்யும். நம்மை விலக்கித் தள்ளும் ஈர்ப்பை யாரும் கண்டதில்லை.

பலம்? குட்டிக் காந்தம் ஒன்று குண்டூசியைத் தூக்கும்போது, மொத்தப் பூமியும் கீழே இழுத்தும் தோற்றுப்போகிறது. இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே ஈர்ப்பைவிட, காந்தத்தின் உறவான மின்விசை எத்தனை மடங்கு தெரியுமா? 1 போட்டு 36 சைபர்!

இத்தனைக்கும் பிறகும் மைக்கேல் ஃபாரடே விடவில்லை. காந்தத்திலிருந்து மின்சாரம் பிறக்கும் என்று காட்டின மனிதர் ஆயிற்றே. பொருள்களைக் கம்பிச் சுருளுக்கு நடுவே விழவிட்டு, விழும்போது மின்சாரம் பிறக்கிறதா என்று பார்த்தார். வரவில்லை. 1850-ல் அந்தத் தோல்வியை மறைக்காமல் ராயல் சொசைட்டியில் சொன்னார்; உறவு உண்டு என்ற நம்பிக்கை மட்டும் அசையவில்லை என்றும் சொன்னார். 1859-ல், 70 வயதை நெருங்குகிற நேரத்தில், லண்டனில் ஈயக் குண்டு வார்க்கும் உயரமான கோபுரத்தில் ஈய எடைகளை ஏற்றி இறக்கி மறுபடி பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. எனக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும்.

பிறகு வந்த கதை இன்னும் விசித்திரம். 1919-ல் தியோடர் கலூட்சா என்ற ஜெர்மன் கணிதர், இடத்துக்கு மூன்றும் காலத்துக்கு ஒன்றுமாக நாம் எண்ணும் நான்கு பரிமாணங்களோடு இன்னொன்றைச் சேர்த்து ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டை எழுதினார். உள்ளேயிருந்து மின்காந்தச் சமன்பாடுகள் தாமாகவே வந்து விழுந்தன! அசந்துபோன ஐன்ஸ்டைனும் யோசித்து யோசித்து, 1921-ல்தான் அதை அச்சுக்கு அனுப்பினார். அந்த ஐந்தாவது பரிமாணம் எங்கே என்றால், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத சிறு சுருளாகச் சுருண்டு கிடக்கலாம் என்றார் ஆஸ்கர் கிளைன், 1926-ல். அதை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. மின்காந்தத்தையும் அணுக்கருவின் மென்விசையையும் ஒன்றாக்கி அப்துஸ் சலாம், ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பர்க் 1979-ல் நோபல் வாங்கியபோதும், ஈர்ப்பு அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

ஆனால் ஈர்ப்புக்கே காந்தம் மாதிரி ஒரு முகம் உண்டு தெரியுமா? மின்சாரம் ஓடினால் காந்தம் பிறப்பதுபோல், நிறையுள்ள ஒன்று சுழன்றால் சுற்றியுள்ள வெளியையே லேசாகத் திருகி இழுக்கும் என்று 1918-ல் லென்சும் திர்ரிங்கும் கணக்குப் போட்டார்கள். அதை அளக்க 2004-ல் கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோள் போனது. உள்ளே பிங்பாங் பந்து அளவில் நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள். 2011-ல் விடை வந்தது: சுழலும் பூமி அந்த உருண்டைகளின் அச்சைத் திருப்பியது உண்மைதான். எவ்வளவு? ஒரு டிகிரியை ஒரு லட்சம் பங்கு போட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு, அதுவும் முழுதாக ஒரு வருஷத்துக்கு!