செஞ்சிக் குளம் வற்றாமல் இருக்க...

குட்டீஸ், செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டது. கோட்டை விழுந்ததோ 1698-ல்தான்! மதில் மட்டும் போதுமா? மலைமேல் சுனைநீரும் இருந்ததே! சக்கரக்குளம், செட்டிகுளத்தை இன்றும் அங்கே பார்க்கலாம்.

தண்ணீரைப் பங்கிடுவது லேசான வேலையா? அமெரிக்காவின் டென்னிஸ் மெடோஸ் 'மீன் வங்கி' என்றொரு விளையாட்டை உருவாக்கினார. ஆளாளுக்குப் படகு வாங்கி மீனை அள்ளுவார்கள். பெரியவர்கள் ஆடினாலும், பெரும்பாலும் பாதியிலேயே கடல் காலி!

நாம் குளத்தை வைத்து ஆடுவோமா? 40 புளியங்கொட்டைதான் குளத்து நீர். நாலு பேர், நாலு ஊர். ஒவ்வொரு 'வருஷமும்' தனக்கு எத்தனை வேண்டுமென்று ரகசியமாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பகடை உருட்டுங்கள். 2 முதல் 5 வரை விழுந்தால், அதைப்போல் இரு மடங்கு கொட்டை குளத்தில் சேரும். 1 விழுந்தால் வறட்சி, ஒன்றும் கிடையாது. 6 விழுந்தால் புயல்! குளம் நிரம்பும், ஆனால் அவரவர் சேர்த்ததில் பாதி போச்சு. (2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதே, அதுமாதிரி!)

பூமி சூடாவதால் காய்ந்தால் ஒரேயடியாகக் காய்கிறது, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. அதனால் அடுத்த ஆட்டத்தில் 2-ஐயும் வறட்சியாக, 5-ஐயும் புயலாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தமுறை ரகசியம் வேண்டாம், கூடிப் பேசி எடுங்கள். குளம் எத்தனை 'வருஷம்' தாங்குகிறது, எண்ணிப் பாருங்கள்!