தொலைதூர வானொலி கேட்டல்

வானொலிப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்பி, நெடுந்தொலைவில் உள்ள நிலையங்களைத் தேடிக் கேட்பது ஒரு பொழுதுபோக்கு. இதனை 'டி.எக்ஸிங்' என்பர்.

பண்பலை ஒலிபரப்பு ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையுமே எட்டும். சிற்றலையோ வான்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்த நாடுகளை அடையும். மத்திய அலையைப் பகலில் அம்மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு பெரிதும் மறைவதால், இரவில் மத்திய அலையும் நெடுந்தொலைவு செல்லும்.

நிகழ்ச்சியைக் கேட்ட நேயர் நாள், நேரம், அதிர்வெண், நிகழ்ச்சி விவரம், ஒலித்தெளிவு ஆகியவற்றை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். அவை சரியாக இருப்பின், நிலையம் 'கியூ.எஸ்.எல்.' என்னும் அழகிய அட்டையை அனுப்பி உறுதிசெய்யும்.

இன்று பல நிலையங்கள் சிற்றலையைக் கைவிட்டுவிட்டன. 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றது. இணையம் இருக்க, வானொலி எதற்கு என நீங்கள் வினவலாம். புயலிலும் போரிலும் இணையம் அறுபடும்போது, மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி தொலைநாட்டுச் செய்தியைத் தரும். ஒலிபரப்பை நிறுத்தலாமா என எண்ணும் நிலையத்துக்கு, நேயரின் மடலே 'இங்கு ஒருவர் கேட்கிறார்' என்பதற்குச் சான்று.

இன்றிரவே நீங்களும் தொடங்கலாம். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் முதலியன இரைச்சலை உண்டாக்கும். எனவே அவற்றை விட்டு விலகிச் சன்னலருகே அமருங்கள். மத்திய அலையில் பொறுமையாகத் தேடுங்கள். நீங்கள் வாழும் ஊரில் பேசாத மொழி ஒன்று, ஒருவேளை தமிழே, உங்கள் காதில் விழக்கூடும்.

சொற்பொருள்
நேயர் – வானொலி கேட்பவர்
மடல் – கடிதம்

செயல்பாடு
ஓரிரவு கேட்ட நிலையங்களின் பெயர், மொழி, நேரம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக.