தாம்பூலப் பையில் தையல் பழகுவோம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலுள்ள ஊர்களில், பொழுது புலரும் முன்னரே தொழிற்சாலைப் பேருந்துகள் ஆட்களை ஏற்றிச் செல்வதைக் காண்கிறோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்க் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இப்பகுதியின் வாழ்க்கை பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் கைக்குழந்தையுள்ள தாயும், முதியோரைப் பேணும் மருமகளும் அப்பேருந்தில் ஏற இயலாது. தொழிற்பேட்டைக்கு நிலம் சென்ற ஊர்களில் வயல் வேலையும் முன்போல் இல்லை. இச்சகோதரிகளுள் பலர் தையல் பழகத் தொடங்குகின்றனர். ஆனால் எடுத்த எடுப்பில் ரவிக்கையில் கைவைத்து, கழுத்து வளைவில் இடர்ப்பட்டு, இரண்டே மாதத்தில் இயந்திரத்தை மூடி வைத்துவிடுவோரும் உண்டு. பையிலிருந்து தொடங்குக என்பதே நாம் கூற விரும்புவது. பைக்கு வேண்டுவது நேர்த்தையல் ஒன்றே.

மணவீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு வழங்கும் மஞ்சட் பை நமக்குப் புதியதன்று. இடையில் பிளாஸ்டிக் பை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் சென்னையில் தொடங்கி வைத்தார். துணிபோல் தோன்றும் ‘நான்-ஓவன்’ பையும் பிளாஸ்டிக்கே. ஓரத்தில் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். மற்றது உருகி மணிபோல் இறுகும்.

இனிச் செய்முறையைக் காண்போம். காடாத் துணியை முதலில் நீரில் நனைத்து உலர்த்துதல் அவசியம். இல்லையேல் முதற் சலவையிலேயே பை சுருங்கும். உலர்ந்தபின் அகலம் 36 அங்குலம் நிற்குமானால், 27 அங்குல நீளத்தில் 11 அங்குல அகலமுள்ள துண்டுகள் மூன்று கிடைக்கும். மிஞ்சும் 3 அங்குலப் பட்டையை இரண்டாக வெட்டினால் ஒரு பைக்குரிய கைப்பிடிகள் ஆயின. இவ்வாறு ஒன்பது பைகளும், குறைபடும் ஆறு பைகளின் கைப்பிடிகளும் 94½ அங்குலத்தில், அதாவது 2.40 மீட்டரில் அடங்கும். துணி வீணாகாமல் வெட்டுவதே தையற்காரரின் முதல் இலாபம்.

ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் அரை அங்குலமும், பின் ஓர் அங்குலமும் மடித்து, கைப்பிடிகளை நான்காக மடித்துத் தைத்து அம்மடிப்பினுள் செருகி ஓரம் அடிக்கவும். கைப்பிடி பொருந்துமிடத்தில் சதுரமும் அதனுள் பெருக்கற்குறியுமாக ஓட்டினால் பிடி எளிதில் பிய்யாது. பின்னர்த் துணியை நடுவில் மடித்து, நல்ல புறம் வெளியே தெரியப் பக்கங்களைக் கால் அங்குலத்திற்குச் சற்றே உள்ளடங்கத் தைத்து, பிசிறு நீக்கி, உட்புறம் திருப்பி மறுபடியும் கால் அங்குலத்தில் தைக்கவேண்டும். பிசிறெல்லாம் இரு தையல்களுக்கிடையே மறைந்துவிடும். முடிவான பை 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உடையதாகும். அடிப்புறம் வெறும் மடிப்பாதலால் தேங்காயின் பாரம் தையலின்மீது நேராக விழுவதில்லை. வாயோரத்தில் மட்டும் முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டி முடிக்கவேண்டும்.

மணமக்கள் பெயரை அச்சிடுவதாயின், தைக்கும் முன்னரே அச்சிடுவது நலம். இங்கு ஓர் எச்சரிக்கை. துணி நடுவில் மடிவதால், இருபுறமும் அச்சிடுகையில் எழுத்தின் தலை அந்தந்த முனையை நோக்கி இருத்தல் வேண்டும். இதனை மறந்து ஒரே திசையில் அச்சிட்டு, மாப்பிள்ளை பெயரைத் தலைகீழாக நிறுத்திய பெருமை எமக்கு உண்டு!

விலையில் விழிப்பு வேண்டும். 2022 முதல் சந்தை முதலிய இடங்களில் வைக்கப்பட்ட இயந்திரங்கள் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பையை வழங்கின. மொத்தமாகத் தைக்கும் கூடங்களோடு வீட்டில் இருந்து தைப்பவர் விலையில் போட்டியிடுதல் கடினம். நூறு, இருநூறு எனச் சிறு அளவில், பெயரும் நாளும் குறித்துக் கேட்கும் வீட்டு விசேஷங்களே அவருக்கு ஏற்ற சந்தை. துணி, நூல், அச்சுக் கூலி இவற்றோடு தம் உழைப்பின் மணிநேரத்தையும் கணக்கில் எழுதாமல் விலை சொல்லுதல் கூடாது. வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே என்ற எண்ணமே பலரை நட்டத்தில் தள்ளுகிறது.

இயந்திரம் வாங்க வசதியற்றோருள் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர்க்கென சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உள்ளது. தையல் அறிந்தமைக்குச் சான்று கேட்பர். விவரம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கிடைக்கும்.

ஒரு வீட்டாருக்குப் பைகளை ஒப்படைக்கும் முன், அவற்றுள் ஏதேனும் ஒன்றில் இரண்டு தேங்காய்களை இட்டு, சுவரிலுள்ள ஆணியில் இரவு முழுவதும் தொங்கவிடுக. காலையில் கைப்பிடியின் அடியில் நூல் இழுபட்டிருந்தால், அந்த இடத்தை எல்லாப் பைகளிலும் மீண்டும் ஒருமுறை ஓட்டிவிடவேண்டும்.